சத்தமில்லாத வீட்டுக்குள் ஒரு சத்தம்

என் அத்தான் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஊரில் உயரமான கட்டடங்கள் முளைக்கத் தொடங்கிய காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர், இப்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறும் வயதுக்கு வந்துவிட்டார். லிஃப்டைச் சரிசெய்யப் போகிறவன் படியில்தான் ஏறிப் போக வேண்டும் என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் வேடிக்கை. அத்தான் அதைச் சொல்லிச் சிரிப்பதைக்கூட நிறுத்தி வெகுகாலமாகிறது. கூட வேலை செய்பவர்கள் அவரை 'மெதுவா' என்று கூப்பிடுவார்கள். "மெதுவாண்ணே, ஆச்சா?" என்று கீழ்த்தளத்திலிருந்து குரல் வரும். ஒரு நாளில் அவர் அதிகம் சொல்லும் சொல் அதுதான். மெதுவா மூடு. மெதுவா வை. மெதுவா பேசு. அவர் கருவிப் பையைத் தரையில் வைப்பதைப் பார்த்தால், தூங்குகிற குழந்தையைத் தோளிலிருந்து இறக்கிக் கிடத்துவதுபோல இருக்கும்.

அந்தப் பழக்கம் தொழிலில் வந்ததில்லை. வீட்டில் வந்தது.

அவர் மனைவிக்கு, அதாவது என் அக்காவுக்கு, திடீர்ச் சத்தம் ஆகாது. தலைவலி வரும், எரிச்சல் வரும் என்கிற மாதிரி ஆகாமை இல்லை. உயிர் போய்விடும். மகள் பிறந்து சில வாரங்களே ஆகியிருந்த ஒரு விடியற்காலையில் தலைமாட்டில் இருந்த தொலைபேசி அலறியது. எடுக்கக் கை நீட்டிய அக்கா அப்படியே சாய்ந்தாள். பக்கத்தில் குழந்தை கத்துகிறது, தாயிடம் அசைவில்லை. மின்சாரம் தாக்கி விழுந்தவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று லிஃப்ட் நிறுவனத்தில் ஒரு பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அத்தான் அதைச் செய்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார். ஒரு விலா எலும்பு முறிந்தது, அக்கா பிழைத்தாள்.

மருத்துவமனையில் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னவர் ஒரு பெண் மருத்துவர். குடும்பம் குடும்பமாக வரும் இதயத் தாளக் கோளாறுகளை ஆராய்வதுதான் அவருடைய வேலை. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் அடுத்த துடிப்புக்குத் தன்னைத் தயார்செய்துகொள்ள வேண்டும். அக்காவுக்கு அதற்கு மற்றவர்களைவிட அதிக நேரம் பிடிக்கிறது. அந்த இடைவெளியில் அதிர்ச்சி ஏதும் வந்து விழுந்தால் இதயம் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கும், ரத்தம் ஓடாது. இப்படிச் சொன்னார். அத்தான் கேட்டாராம்.

"கதவு முழுசா சாத்தறதுக்குள்ள லிஃப்ட் கிளம்பிட்ட மாதிரிங்களா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"எங்க லிஃப்ட்ல அப்படிக் கிளம்பாம இருக்க ஒரு பூட்டு உண்டு."

"இவங்களுக்கும் அந்தப் பூட்டு உண்டு. பிறக்கும்போதே கொஞ்சம் பழுது."

இந்த வகைக் கோளாறில் திடீர்ச் சத்தம், அதுவும் தூக்கத்தில் அடிக்கிற போனும் அலாரமும்தான் பெரிய எதிரி என்றும், பிள்ளை பெற்ற சில மாதங்கள் ஆபத்து கூடுதல் என்றும் மருத்துவர் சொன்னார். எங்கள் எல்லோரிடமும் ரத்தம் எடுத்தார்கள். பெரியக்காவுக்கு இல்லை, குழந்தைக்கு இல்லை, எனக்கும் இல்லை. இல்லை என்று தெரிந்த பிறகும், இத்தனை தூரத்தில் வந்து இருந்துகொண்டு, போன் அடித்தால் நெஞ்சில் கை வைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. அக்காவுக்குத் தினமும் மாத்திரை. அதோடு, இடப்பக்கத் தோளெலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், ஒரு சிறிய பெட்டி. இதயம் நடுங்கத் தொடங்கினால் உள்ளேயிருந்தே மின்சாரம் கொடுத்து நேராக்கும் பெட்டி. வீட்டில் எல்லோரும் அதைப் 'பெட்டி' என்றே சொன்னோம். மகள் பள்ளிக்குப் போகும் வயதில் ஒருமுறை அதை மாற்றிப் புதிது வைத்தார்கள்.

மாத்திரையும் பெட்டியும் மருத்துவமனை கொடுத்தவை. அமைதியைக் கொடுத்தது அத்தான்.

வீட்டுக்கு அழைப்பு மணி கிடையாது. வெளியே பொத்தானை அழுத்தினால் கூடத்தில் ஒரு விளக்கு எரியும். கழற்றிப்போட்ட லிஃப்ட் கதவுகளின் ரப்பர் பட்டையை வெட்டிக்கொண்டுவந்து எல்லாக் கதவு நிலைகளிலும் ஒட்டியிருக்கிறார். நாற்காலிக் கால்களுக்குத் துணியுறை. குக்கரை யாருக்கோ கொடுத்தாயிற்று. பாத்திரக் கழுவுதொட்டியில் ஒரு பழைய ரப்பர் விரிப்பு. போன்கள் எல்லாம் நடுங்கத்தான் செய்யும், பாடாது. மகளின் பிறந்தநாளுக்கு ஒரு பலூன்கூட ஊதியதில்லை. அவள் வளர்ந்து கல்லூரிக்குப் போனபோது முதல் நாளே பேராசிரியர், "சத்தமா பேசும்மா, சாப்பிடலையா?" என்று கேட்டாராம்.

இதையெல்லாம் செய்து செய்து அத்தானின் காதே ஒரு நோயாளியைப்போல ஆகிவிட்டது. எதிலும் ஒட்டாமல், எதற்காகவோ காத்துக்கொண்டு, எப்போதும் களைப்பாக. சாப்பிட உட்கார்ந்தால் பாதிச் சாப்பாட்டில் தலை தூக்குவார். "தெருவுல ஏதோ வண்டி" என்பார். எங்களுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. கொஞ்ச நேரம் கழித்து வண்டி வரும்.

அக்காவுக்கு அமைதியைவிடப் பெட்டியின் மேல்தான் கோபம். சில வருடங்களுக்கு முன்பு, வங்கியில் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, அந்தப் பெட்டி காரணமில்லாமல் அவளை அடித்தது. மயக்கத்தில் அடித்தால் தெரியாது. முழு நினைவோடு நிற்கிறவளை அடித்தது. விழுந்தாள். எழ முயன்றபோது மறுபடி அடித்தது. பிறகு இன்னொரு முறை. குதிரை உதைத்த மாதிரி இருந்தது என்றாள். ஒரு துடிப்பின் வாலை இன்னொரு துடிப்பு என்று பெட்டி தவறாக எண்ணிவிட்டது, ஒன்றை இரண்டாக எண்ணியதால் இதயம் தறிகெட்டு ஓடுவதாக நினைத்துக்கொண்டது என்று மருத்துவமனையில் விளக்கினார்கள். வெளியிலிருந்தே அதன் கணக்கை மாற்றி அமைத்தார்கள். இனி அப்படி ஆகாது என்றார்கள்.

"எண்ணத் தெரியாததையா இத்தனை நாளா எனக்குள்ள வெச்சிருந்தீங்க?" என்று கேட்டாள் அக்கா.

அன்றோடு பரிசோதனைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுவாள். மருத்துவமனையிலிருந்து அழைத்தால், போன் மேசையில் நடுங்கி நடுங்கி ஓய்ந்துபோகும்வரை பார்த்துக்கொண்டே இருப்பாள். அத்தான் கெஞ்சினார், கோபித்தார், இரண்டு நாள் பேசாமல் இருந்தார். ஏற்கெனவே பேச்சு குறைந்த வீடு என்பதால் மூன்றாவது விஷயம் பலிக்கவில்லை.

விடுமுறையில் நான் அங்கே போயிருந்தபோதுதான் அந்தச் சத்தம் தொடங்கியது.

காலையில், மகள் கல்லூரிக்குக் கிளம்பிப் போன பிறகு, அத்தான் கருவிப் பையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். எங்கிருந்தோ ஒரு மெல்லிய கீச்சொலி. பொம்மை ஆம்புலன்ஸ் மாதிரி ஏறி இறங்கி, ஏறி இறங்கி, சில நொடிகளில் நின்றது. அத்தானின் கை பைக்குள்ளேயே உறைந்துபோயிற்று. முதலில் சமையலறை வாசலுக்குப் போய் அக்கா நிற்கிறாளா என்று பார்த்தார். நின்றுகொண்டிருந்தாள், கையில் கரண்டியோடு. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உன் பெட்டியில என்ன இருக்கு?"

"துணிமணி அத்தான்."

"துணி கத்தாதே."

"எனக்கு ரொம்பக் கிட்ட கேட்டுச்சு" என்றாள் அக்கா.

"உனக்கு எல்லாமே கிட்டதான் கேக்கும். நீ போய் உக்காரு" என்றார் அத்தான்.

என் கைக்கடிகாரம், சவரக் கருவி, பல் துலக்கும் மின்தூரிகை எல்லாம் ஒரு வாளியில் போடப்பட்டு, மேலே துண்டு சுற்றி, பால்கனிக்குக் கடத்தப்பட்டன. மறுநாள் அதே நேரத்துக்கு அதே கீச்சொலி வீட்டுக்குள் கேட்டது. வாளி அமைதியாக இருந்தது.

அதன் பிறகு அத்தான் வேலைக்குத் தாமதமாகப் போகத் தொடங்கினார். லிஃப்ட் இயந்திரத்தில் எங்கே உரசுகிறது என்று பார்க்க அவர்கள் நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை இயந்திரத்திலும் பிடியைக் காதோரத்திலும் வைத்துக் கேட்பார்கள். அத்தான் அப்படிக் குளிர்சாதனப் பெட்டியைக் கேட்டார். துணி துவைக்கும் இயந்திரத்தைக் கேட்டார். மின்சாரம் போனால் எரியும் விளக்கைக் கழற்றினார். நடைவழியிலிருந்த புகை எச்சரிக்கைக் கருவியை, கட்டடத்துச் செயலாளரிடம் சொல்லாமலேயே, நாற்காலி போட்டு ஏறி அவிழ்த்துக்கொண்டு வந்து மேசையில் பிரித்துப் போட்டார். சத்தம் அவரோடு விளையாடியது. ஒரு நாள் சமையலறையில் கேட்டது. அடுத்த நாள் குளியலறைப் பக்கம். அதற்கடுத்த நாள் கூடத்து ஜன்னலருகே.

"இடம் மாறுது" என்றார் என்னிடம். அவர் குரலில் நான் அதுவரை கேட்டிராத ஒரு தோல்வி இருந்தது. "முப்பது மாடிக் கட்டடத்துல எந்த மாடியில கதவு உரசுதுன்னு கீழ நின்னே சொல்லுவேன். என் வீட்டுக்குள்ள என்னால கண்டுபிடிக்க முடியல."

மேல்வீட்டில் ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். அத்தான் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

"ஐயா, உங்க வீட்டுல சுவர்க்கடிகாரம் ஏதாவது..."

"போன வருஷம் நீங்கதானே வந்து கேட்டீங்க. அன்னிக்கே கழட்டியாச்சு. இப்ப மணி பாக்கணும்னா எட்டிப் பாத்து எதிர்வீட்டுல கேக்கறேன்."

"காலையில கீச்சுனு ஒரு சத்தம் வருதுங்க."

"அது என் முட்டி."

"இல்லைங்க, உண்மையாவே..."

"தம்பி," என்று அவர் என்னைப் பார்த்தார், "உங்க அத்தான் வீட்டுக்கு வரணும்னா செருப்பைக் கழட்டினாப் போதாது. காலையும் கழட்டி வெளிய வெச்சிட்டு வரணும் போல." சொல்லிவிட்டு அவரே வருத்தப்பட்டவர்போல அத்தானின் தோளைத் தொட்டார். "உள்ள வந்து தேடிப் பாருங்க. என்கிட்ட மறைக்க ஒண்ணுமில்ல."

அத்தான் தேடினார். தலைமையாசிரியரின் மனைவி, அலமாரிகளைத் திறந்து காட்டிக்கொண்டே, "நீங்க கொஞ்சம் தூங்கினா நல்லாருக்கும்" என்றார். அத்தான் தலையாட்டினார். அந்த வீட்டிலும் ஒன்றும் கிடைக்கவில்லை.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். சத்தம் எது என்று தெரியும்வரை அக்கா அந்த வீட்டில் இருக்கக் கூடாது. ஊரின் மறுகோடியில் இருக்கும் பெரியக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டார். நானும் கூடப் போனேன். அன்று அவரும் அங்கேயே தங்கிக்கொண்டார், அக்காவைத் தனியாக விட மனம் வராமல்.

மறுநாள் காலை எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பெரியக்காவின் கணவர் நகைச்சுவைக்காரர்; தனக்குத்தானே சிரித்துக்கொள்ளவும் தெரிந்தவர். அவர் ஏதோ சொல்ல வாயெடுக்கும்போது அந்தக் கீச்சொலி கேட்டது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி. மேசைக்கு மேலே, எங்களுக்கு நடுவில்.

அத்தான் எழுந்தார், எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"நம்ம கூடவே வந்துடுச்சு" என்றார்.

"என்னம்மா, வயித்துக்குள்ள மணியா கட்டியிருக்க?" என்றார் பெரியக்காவின் கணவர், அக்காவைப் பார்த்து.

அக்கா தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். இடது தோளெலும்புக்குக் கீழே விரல்களை வைத்து அழுத்திப் பார்த்தாள்.

"வயித்துல இல்ல. இங்க" என்றாள்.

பெரியக்கா மருத்துவமனைக்குப் போன் செய்தாள். சத்தத்தைப் பற்றி அவள் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அந்தப் பக்கத்தில் புரிந்துகொண்டார்கள். இன்றே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்கள்.

இதயத் தாளப் பிரிவு நீளமான நடைவழியின் முடிவில் இருந்தது. பெட்டிகளைச் சோதிக்கும் அறையில் அக்காவின் தோளில் ஒரு தட்டையான வளையத்தை வைத்து, திரையில் எதையோ படித்துக்கொண்டிருந்த தொழில்நுட்பக்காரர் நிமிராமல் பேசினார்.

"பேட்டரி தீரப்போகுது. அதைத்தான் தினமும் ஒரு தடவை சொல்லிட்டு இருக்கு. இன்னும் கொஞ்ச வாரம் தாங்கும். ஏம்மா, பெட்டி வெச்சப்பவே இந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டியிருப்பாங்களே. இப்படிக் கேட்டா உடனே வாங்கன்னு சொல்லியிருப்பாங்களே."

"யாரும் காட்டல" என்றாள் அக்கா.

"எல்லாருக்கும் காட்டுவோம்மா. அது வழக்கம்."

அத்தான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். "போட்டுக் காட்டறேன்னு சொன்னாங்க" என்றார். "நான்தான் வேண்டாம்னுட்டேன். அவளுக்குச் சத்தம் ஆகாது, நிறுத்துங்கன்னு சொன்னேன்."

தொழில்நுட்பக்காரர் இப்போது நிமிர்ந்து பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். அக்கா கணவனைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் வரும் என்று நான் பயந்தேன். வந்தது வேறு ஏதோ. வெகுதூரம் நடந்து வந்த இருவரில் ஒருவர், மற்றவரின் காலைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

மருத்துவர் வந்தார். அன்று அத்தானிடம் பூட்டைப் பற்றிப் பேசியவர்தான். தலை நரைத்துவிட்டது, கண்ணாடி தடித்துவிட்டது. எங்கள் குடும்பத்தைப் போன்ற குடும்பங்களைத் தான் இன்னும் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். திரையைத் தன் பக்கம் திருப்பினார்.

"தினமும் காலையில உங்க நெஞ்சுக்குள்ளயே மணி அடிச்சிருக்கு. இத்தனை நாள்ல ஒரு தடவைகூட இதயம் தடுமாறினதாப் பதிவு இல்ல."

"அப்ப சத்தம் அவளை ஒண்ணும் செய்யாதுங்களா?" என்று கேட்டார் அத்தான். குரல் மிகவும் சிறியதாக இருந்தது.

"அப்படிச் சொல்ல முடியாது. இது சின்னச் சத்தம், தூக்கத்துல வரல, மாத்திரை வேற உள்ள இருக்கு."

"நான் வீட்ட அமைதியா வெச்சிருந்தேனே. அதனால இவ்வளவு வருஷம்..."

"அதனால இருக்கலாம். மாத்திரையாலயும் இருக்கலாம்." மருத்துவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "எங்க ஆய்வுல இருக்கற குடும்பங்கள்ல சிலருக்கு மாத்திரை மட்டும் போதுது. சிலருக்கு மாத்திரையோட இருக்கும்போதே வந்துடுது. யாருக்கு எதுன்னு முன்னாடியே சொல்லத்தான் இவ்வளவு காலமா உக்காந்திருக்கோம். கொஞ்சம் தெரியும். முழுசாத் தெரியாது. ஒரு தடவை விழுந்து எழுந்தவங்க இவங்க. அதனால பேட்டரி தீர்றதுக்குள்ள பெட்டியை மாத்திடலாம்ங்கறதுதான் என் கருத்து."

"வேண்டாம்" என்றாள் அக்கா.

"அது தப்பா அடிச்சதுக்கு அப்புறம் கணக்கை மாத்திட்டோம்மா. புதுசு இன்னும் நல்லா எண்ணும்."

"நல்லா எண்ணட்டும். எனக்கு வேண்டாம்."

அத்தான் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அறையிலிருந்த நாங்கள் வெளியே போயிருக்க வேண்டும். யாருக்கும் தோன்றவில்லை.

"நீ விழுந்தப்ப நான்தான் பாத்தேன். நீ பாக்கல" என்றார்.

"தெரியும்."

"நெஞ்ச அழுத்த அழுத்த, எலும்பு என் கைக்குக் கீழ முறியுது. அதையும் பாத்துட்டுதான் அழுத்தினேன். இன்னொரு தடவை என்னால முடியாது. கையில வலு இல்ல."

அக்கா வளையம் வைத்திருந்த இடத்தில் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"சரி, மாத்திக்கறேன்" என்றாள். "ஆனா ரெண்டையும் என்னால சுமக்க முடியாது. பெட்டியும் வேணும், அந்த வீடும் வேணும்னா முடியாது. ஏதாவது ஒண்ணச் சொல்லுங்க."

"எந்த வீடு?"

"நீங்க கட்டி வெச்சிருக்கற வீடு. நான் நடந்தா எனக்கே கேக்க மாட்டேங்குது. நம்ம பொண்ணு அழுதாக்கூட தலையணைக்குள்ள அழறா. பெட்டி இருந்தா அது காவல் காக்கட்டும். நீங்க காக்க வேண்டாம். நீங்கதான் காக்கணும்னா பெட்டி எதுக்கு?"

அத்தான் மருத்துவரைப் பார்த்தார். உதவி கேட்கிற பார்வை.

"தலைமாட்டுல அலாரமும் போனும் வேண்டாம்" என்றார் மருத்துவர். "அது எப்பவும் வேண்டாம். தூங்கறவங்களத் திடீர்னு எழுப்பக் கூடாது. மத்தபடி... நீங்க செஞ்ச அளவுக்கு நான் யாரையும் செய்யச் சொன்னதில்ல."

"சொல்லியிருக்கலாமே" என்றார் அத்தான்.

"நீங்க கேக்கலையே. நானும் வீட்டுக்கு வந்து பாக்கல."

அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை, இரண்டு பக்கத்திலும். மூவருமே களைத்துப்போயிருந்தார்கள். அத்தான் தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கிரீஸ் ஏறி ஏறிக் கறுத்துப்போன ரேகைகள். பூட்டு சரியில்லாத லிஃப்டை அவர் ஒருநாளும் ஓட விட்டதில்லை. ஆட்கள் எவ்வளவு கத்தினாலும் நிறுத்தித்தான் வைப்பார். அவரிடம் போய், பழுது இருக்கிறது, இருந்தாலும் ஓடட்டும் என்று சொல்கிறார்கள்.

"சரி" என்றார். அக்கா இரண்டாவது முறை கேட்டபோதும் "சரி" என்றார்.

பெட்டியை மாற்றினார்கள். பழைய காயத்தின் மேலேயே கீறி, பழையதை எடுத்து, புதியதை, இதயத்துக்குப் போகும் பழைய கம்பிகளோடு பொருத்தினார்கள். இந்த முறை புதிய பெட்டியின் சத்தத்தைப் போட்டுக் காட்டினார்கள். அத்தான் அறைக்குள்ளேயே நின்று கேட்டார். முகம் வெளிறிப்போயிருந்தது. "இன்னொரு தடவை போடுங்க" என்று அக்காதான் சொன்னாள்.

நான் ஊர் திரும்புவதற்கு முந்தைய வாரம். கதவுகளின் ரப்பர் பட்டைகளில் பாதியை அத்தான் உரித்திருந்தார்; மீதியை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தார். ஒரு மதியம், அக்கா கூடத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தையல் போட்ட பக்கத்துக் கையை இன்னும் தூக்கக் கூடாது என்பதால் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நறுக்கினாள். அத்தான் விடுப்பில் இருந்தார். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் சுவரில் துளை போடத் தொடங்கினார்கள். ட்ரில்லரின் சத்தம் சுவரைத் தாண்டி நேராக நெஞ்சுக்குள் இறங்கியது. எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

அத்தான் எழுந்து ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் அக்கா.

"சும்மா. கீழ வரைக்கும்."

"கீழ வரைக்கும் போறவருக்கு எதுக்கு பக்கத்து வீட்டுக் கதவப் பாத்த பார்வை? சட்டைய மாட்டுங்க."

"உடம்புலயா?"

"ஆணியில."

மாட்டினார். வந்து உட்கார்ந்தார். ட்ரில்லர் நின்றது, மறுபடி தொடங்கியது. ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அவர் கண் அக்காவின் மேல் போய் நின்றது, முகத்தில், கழுத்தில், கத்தி பிடித்திருந்த விரல்களில். அக்கா நறுக்கிக்கொண்டே இருந்தாள். ஒரு துண்டு பெரிதாக, ஒரு துண்டு சிறிதாகப் போயிற்று.

"என்னைப் பாக்காதீங்க" என்றாள் கடைசியில், தலை நிமிராமல்.

"பாக்கல."

"பாக்கறீங்க. சுவர்ல போடற ஓட்டையவிட நீங்க பாக்கறதுதான் எனக்கு திக்குனு இருக்கு. அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க."

அத்தான் நாற்காலியைத் தூக்கி, ஜன்னலைப் பார்க்க மெதுவாகத் திருப்பி வைத்து, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். துளை போடுகிறவர்கள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு முறை அந்தச் சத்தம் எழும்போதும் அவர் தோள்கள் இறுகின, நின்றதும் தளர்ந்தன. தலையை மட்டும் அவர் திருப்பவில்லை. அவருக்குப் பின்னால், தட்டில் கத்தி படும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது.